குன்னூர் பழைய வீட்டுக் கணப்பு: டைல்ஸ், அட்ஹெசிவ், க்ரௌட் எதைப் போடுவது?

ஓட்டுவீடு எழுதியது:

வணக்கம். குன்னூரில் ஒரு பழைய ஓட்டு வீட்டைச் சீர்செய்து கொண்டிருக்கிறோம். ஹாலில் விறகு எரிக்கும் கணப்பு இருக்கிறது. கண்ணாடிக் கதவோ இரும்பு ஸ்டவ்வோ கிடையாது, திறந்த கணப்புதான். உள்ளே கம்பித் தட்டு. எரிப்பது கற்பூர மரமும் சீகையும்.

அளவுகள்: வாய் 36 அங்குல அகலம், 30 அங்குல உயரம். உள்ளே 18 அங்குல ஆழம். வாய்க்கு முன்னால் உள்ள தளம் 4 அடி நீளம், அறைக்குள் 16 அங்குலம் நீண்டிருக்கிறது. மேலே ரெட் ஆக்சைடு பூச்சு. வாயை ஒட்டி வலைவலையாக விரிசல், இரண்டு இடத்தில் தட்டினால் டொப்பு டொப்பென்று சத்தம். அறையின் மற்ற தரை முழுக்க மரப்பலகை.

கடையில் சொன்னது: இரண்டடிக்கு இரண்டடி பாலிஷ் டைல், ஜாயின்ட் தெரியாமல் ஒட்டிப் போடுங்கள், இடுக்கை அடைக்க எப்பாக்ஸி க்ரௌட் அடியுங்கள், கறையே பிடிக்காது. மேஸ்திரி சொல்வது: டைல் ஒட்டும் அட்ஹெசிவ் எல்லாம் வீண் செலவு, சிமென்ட் பால் ஊற்றி ஒட்டினால் போதும். வீட்டில் கேட்பது: ஆத்தங்குடிக் கல் போட்டால் பழைய வீட்டுக்குப் பொருத்தமாக இருக்குமே.

உள்ளேயும் வெளியேயும் ஒரே டைல் போடலாமா? அட்ஹெசிவ் எது, க்ரௌட் எது? ரெட் ஆக்சைடு மேலேயே ஒட்டலாமா, உடைக்க வேண்டுமா?

---

ரசமட்டம் எழுதியது:

உள்ளேயும் வெளியேயும் ஒரே டைல் கூடாது. உங்கள் கணப்பை மூன்று இடமாகப் பிரித்துப் பாருங்கள்.

கம்பித் தட்டுக்கு அடியில், கனல் விழும் இடம் முதலாவது. அங்கே 500 டிகிரி செல்சியஸ் சாதாரணமாக வரும். டைலுக்கோ கிரானைட்டுக்கோ அங்கே வேலையே இல்லை. கிரானைட்டில் உள்ள குவார்ட்ஸ் 573 டிகிரியில் திடீரென்று உப்பும். அதற்கு வெகு முன்பே மேல்பரப்பு சில்லுச் சில்லாகத் தெறிக்க ஆரம்பித்துவிடும். அங்கே தீ தாங்கும் செங்கல், அதாவது ஃபயர் பிரிக்ஸ்தான். 9க்கு 4½ அங்குலம், ஒன்றரை அங்குல கனத்தில் ஸ்ப்ளிட் என்ற மெல்லிய கல் கிடைக்கும். ஆழம் இருந்தால் முழுக் கனம் 3 அங்குலக் கல்லே போடுங்கள். உங்கள் 36க்கு 18 அங்குலத்துக்குக் கணக்காக 16 கல் வரும். வாங்கும்போது கல்லில் ஐ.எஸ். 8 அல்லது குறைந்தது ஐ.எஸ். 6 தரம் என்று கேளுங்கள். செங்கல்சூளையில் நன்றாக வெந்த கல் என்று பொறுக்கித் தருவது ஃபயர் பிரிக் ஆகாது.

இரண்டாவது, வாயின் விளிம்பிலிருந்து வெளியே முதல் 5, 6 அங்குலம். ரெட் ஆக்சைடு வெடித்திருப்பதாகச் சொன்னீர்களே, அதே பட்டை. விறகு சரிந்து முன்னால் வந்தால் இங்கே 100 டிகிரியைத் தாராளமாகத் தாண்டும். மூன்றாவது அதற்கு அப்பால் உள்ள தளம். தொட்டால் சுடும், ஆனால் கை வைக்க முடியும்.

இந்த மூன்றாவது இடத்துக்குத்தான் டைல். போர்சலின் டைல் சூளையில் சுமார் 1,200 டிகிரியில் வெந்து வருகிறது, கணப்புச் சூடு அதற்கு ஒரு பொருட்டே இல்லை. டைல் கிளம்பினாலும் வெடித்தாலும் முக்கால்வாசி காரணம் அடியில் இருக்கும். அட்ஹெசிவ் இளகியிருக்கும், அல்லது டைலுக்குக் கீழே பொள்ளல் இருந்திருக்கும், அல்லது விரிய இடம் விடாமல் இறுக்கிப் போட்டிருப்பார்கள்.

கடைக்காரர் சொன்னது மூன்றுமே கணப்புக்குத் தப்பு. 2க்கு 2 டைலின் வாய்ப்பக்கம் 100 டிகிரி ஏறினால் அந்த ஓரம் சுமார் 0.4 மி.மீ. நீளும், எதிர் ஓரம் குளிர்ந்தே கிடக்கும். ஒரே டைலுக்குள் இந்த இழுபறி நடந்தால் மூலையிலிருந்து விரிசல் ஓடும். ஓரடி டைல் போட்டால் இழுபறி பாதி, நடுவில் ஜாயின்ட் வேறு இருக்கிறது. ஒட்டிப் போடுவது வேண்டவே வேண்டாம், 4 மி.மீ. ஸ்பேசர். பாலிஷில் கரியும் கீறலும் பளிச்சென்று தெரியும். சாம்பல் அள்ளும் கரண்டி ஒரு முறை இழுத்தால் கோடு நிற்கும். மேட் ஃபினிஷ், 10 மி.மீ. கனம், தண்ணீர் உறிஞ்சுவது 0.5 சதவீதத்துக்குள் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதாகப் பாருங்கள். சுவருக்குப் போடும் செராமிக் டைல் 10 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சும், அடி தாங்காது, விறகுக்கட்டை ஒன்று கைதவறி விழுந்தால் உடையும்.

கல்லாகவே போட ஆசை என்றால் 18 மி.மீ. கிரானைட் மூன்றாவது இடத்துக்கு நல்லது. நாலடியை ஒரே துண்டாக வாங்காதீர்கள், நடு சுட்டு இரு முனையும் குளிர்ந்திருந்தால் குறுக்கே போகும். மூன்று துண்டு, நடுவில் ஜாயின்ட். கோட்டாவும் கடப்பாக் கல்லும் அடுக்கடுக்கான சுண்ணாம்புக் கல், வாய்க்குப் பக்கத்தில் மேல் தோல் உரியும். சமையல் மேடைக்குப் போடும் குவார்ட்ஸ் ஸ்லாப் ரெசினில் பிடித்தது, ஒரு கனல் துண்டு விழுந்தால் கருகிய வட்டம் நிரந்தரம்.

இரண்டாவது பட்டைக்குச் சுலபமான வழி: உள்ளே போடும் ஃபயர் பிரிக்கையே ஒரு வரிசை வாய்க்கு வெளியே கொண்டு வந்துவிடுங்கள். 4½ அங்குலம் கிடைக்கும். டைல் அதற்கு அப்புறம்தான் தொடங்கும்.

---

தேம்ஸ்கரை எழுதியது:

ரசமட்டம் சொன்னது சரி. ஆனால் டைல் பேச்சுக்கு முன்னால் ஒரு கேள்வி: இந்த முன்தளத்துக்கு அடியில் என்ன இருக்கிறது? அறை முழுக்க மரத்தரை என்கிறீர்கள், எனக்கு அதுதான் உறுத்துகிறது. டைல் விரிசல் விட்டால் மாற்றிக்கொள்ளலாம். அடியில் உள்ள மரம் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லச் சுட்டுக் கரியாகிக்கொண்டே வந்தால், சாதாரண மரம் பற்றும் சூட்டைவிடக் குறைந்த சூட்டிலேயே ஒரு நாள் பற்றும்.

இங்கே இங்கிலாந்தில் கட்டட விதிகளின் ஜே ஆவணம் திறந்த கணப்புக்குச் சொல்வது இது. எரியாத பொருளாலான தளம் குறைந்தது 125 மி.மீ. கனம், மேலே ஒட்டும் டைலும் அதில் சேர்த்தி. வாய்க்கு முன்னால் 500 மி.மீ., இரு பக்கமும் 150 மி.மீ. நீண்டிருக்க வேண்டும். தளத்துக்கு அடியில் மரம் இருந்தால் நடுவே 50 மி.மீ. காற்றிடம் வேண்டும், இல்லாவிட்டால் மரம் தளத்தின் மேற்பரப்பிலிருந்து 250 மி.மீ. கீழே இருக்க வேண்டும். அமெரிக்க வீட்டு விதி வாயின் பரப்பைப் பார்க்கிறது: 6 சதுர அடி அல்லது அதற்கு மேல் என்றால் முன்னால் 20 அங்குலம், பக்கத்துக்கு 12 அங்குலம், அதற்குக் கீழே என்றால் 16, 8.

உங்கள் வாய் 36க்கு 30, அதாவது ஏழரை சதுர அடி. ஆகவே 16 அங்குல முன்தளம் இரண்டு கணக்கிலும் போதாது. பக்கவாட்டில் இருக்கும் 6 அங்குலம் இங்கிலாந்துக் கணக்குக்குச் சரி, அமெரிக்கக் கணக்குக்குக் குறைவு. எப்படியும் உடைக்கப் போகிறீர்கள் என்றால் 5 அடி நீளம், 20 அங்குலம் என்று ஆக்கிவிடுங்கள். கற்பூர மரம் வெடித்துத் தெறிக்கும் மரம் வேறு.

இணையத்தில் 12 மி.மீ. கல் போதும் என்று படித்திருப்பீர்கள். அது இரும்பு ஸ்டவ்வுக்கு. அதிலும் தளத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது என்று தயாரித்தவர் சோதித்துச் சொன்ன ஸ்டவ்வுக்கு மட்டும்.

பலகை ஒன்றைக் கிளப்பி டார்ச் அடித்துப் பாருங்கள். கான்கிரீட் தளமாக இருந்தால், வார்த்தபோது அடியில் அடித்த சென்ட்ரிங் பலகையை எடுக்காமல் விட்டிருக்கிறார்களா என்று முக்கியமாகப் பாருங்கள். பழைய வீடுகளில் சகஜம். கண்ணில் பட்டால் கழற்றியே ஆக வேண்டும்.

---

மலைப்பாதை எழுதியது:

இவ்வளவு எதற்கு? கடையில் ஃபயர் சிமென்ட் டப்பாவில் வருகிறது. 1,200 டிகிரி தாங்கும் என்று போட்டிருக்கிறது. டைலையும் அதிலேயே ஒட்டி, ஜாயின்டையும் அதிலேயே அடைத்துவிட்டால் கவலை விட்டது.

---

தீச்செங்கல் எழுதியது:

மலைப்பாதை, அந்த டப்பாவில் இருப்பது பெரும்பாலும் சோடியம் சிலிகேட்டும் களிமண் பொடியும். அது தானாகக் காய்ந்து இறுகுகிற சரக்கு இல்லை. சுட்டால்தான் கெட்டியாகும். முன்தளத்தில் அந்த அளவு சூடு வராது. எனவே கடைசி வரை தண்ணீரில் கரையும் நிலையிலேயே இருக்கும், நாலு தடவை ஈரத் துணி போட்டுத் துடைத்தால் ஜாயின்ட் கொழகொழவென்று வரும். சுட்ட இடத்திலோ கண்ணாடி மாதிரி விறைத்து, கொஞ்சம் அசைந்தாலும் வெடிக்கும். இரும்புக் குழாய் மூட்டு, ஃபயர் பிரிக்கில் சின்ன விரிசல், இவற்றுக்கு அது நல்ல சரக்கு. டைல் ஒட்டுவதற்கு இல்லை.

ஃபயர் பிரிக்கைச் சாதா சிமென்ட் கலவையிலும் கட்டக்கூடாது. சிமென்ட் இறுகும்போது அதில் உண்டாகும் சுண்ணாம்பு 400, 450 டிகிரியில் நீரை இழந்து சுட்ட சுண்ணாம்பாகிவிடும். தீ அணைந்தபின் குன்னூர் மூடுபனி ஈரத்தை அது உறிஞ்சி மறுபடி பூத்து உப்பும். இரண்டு குளிர்காலத்தில் ஜாயின்ட் மணலாக உதிர்வது இதனால்தான். தீ தாங்கும் கலவை ரெஃப்ராக்டரி மார்ட்டர் என்று மூட்டையில் வரும். அதைக் கூழ் பதத்தில் கரைத்து, கல்லை முக்கி எடுத்து, 2 மி.மீ. ஜாயின்டில் நெருக்கி அடுக்க வேண்டும். ஜாயின்ட் தடித்தால் உதிரும். கல்லை முதலில் தண்ணீரில் ஊறப்போடத் தேவையில்லை, ஈரத் துணியால் தூசி துடைத்தால் போதும்.

உள்ளே உள்ள கல் வெளித் தளத்தை இடிக்கக் கூடாது. ஃபயர் பிரிக் வரிசைக்கும் முதல் டைலுக்கும் நடுவே 6 மி.மீ. இடம் விடுங்கள். அதில் செராமிக் ஃபைபர் கயிறு 8 மி.மீ. வாங்கி அமுக்கிச் சொருகுங்கள். மேலே மூடியே தீர வேண்டும் என்றால் 250 டிகிரிக்கு மேல் தாங்கும் சிவப்பு அல்லது கறுப்பு ஹை டெம்ப் சிலிகான். குளியலறைச் சிலிகான் வேண்டாம். என்னைக் கேட்டால் கயிற்றை அப்படியே விட்டுவிடுவேன், மேலே சாம்பல் படிந்து ஒரு வாரத்தில் தெரியாமல் போய்விடும். கயிறு வெட்டும்போது மூக்குக்கு மாஸ்க்.

---

ஓட்டுவீடு எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இரண்டு பலகை கிளப்பிப் பார்த்தோம். மண்ணுக்கும் பலகைக்கும் நடுவில் இரண்டடி இடைவெளி. முன்தளத்துக்கு அடியில் கருங்கல் கட்டு, அதன்மேல் சுண்ணாம்புக் கான்கிரீட் ஆறு அங்குலம் போலத் தெரிகிறது. கல்கட்டு சரியாக 16 அங்குலத்தில் முடிந்துவிடுகிறது. சென்ட்ரிங் பலகை எதுவும் இல்லை. ஆனால் தரையைத் தாங்கும் மரச்சட்டம் ஒன்று முன்விளிம்பில் கான்கிரீட்டை ஒட்டியே போகிறது. ரெட் ஆக்சைடைச் சுத்தியலால் தட்டியதும் ஒரு பாளம் அப்படியே வந்துவிட்டது. அடியில் சுண்ணாம்பு பொடிப்பொடியாக இருக்கிறது. இதை நீட்டுவது எப்படி? அட்ஹெசிவ் மூட்டையில் எதைப் பார்த்து வாங்குவது?

---

தேம்ஸ்கரை எழுதியது:

நல்ல சேதி. கல்கட்டு இருப்பதால் வேலை சுலபம். கருங்கல் கட்டுக்கு முன்னால் மண்ணிலிருந்து 9 அங்குலச் செங்கல் குட்டைச் சுவர் ஒன்று எழுப்புங்கள், ஐந்தடி நீளத்துக்கு. அதற்கு முன் அந்த மரச்சட்டத்தைத் தள்ளி வைக்க வேண்டும். அது பலகையைத் தாங்குகிற சட்டம் என்பதால் ஆசாரியை வைத்து முட்டுக் கொடுத்துத்தான் நகர்த்தணும், சும்மா அறுத்துவிடக் கூடாது. புது இடத்தில் தளத்துக்கும் அதற்கும் நடுவே 50 மி.மீ. காற்றிடம் இருக்கட்டும். பக்கத்துக்கு 6 அங்குலம் கூடுகிற இடத்திலும் இதே ஏற்பாடு.

பொடிந்த சுண்ணாம்பு முழுவதையும் எடுத்துவிட்டு, கல்கட்டும் புதுச் சுவரும் தாங்கும்படி 125 மி.மீ. கான்கிரீட் வார்த்துவிடுங்கள். சிமென்ட், மணல், ஜல்லி 1:1½:3 கலவை, 20 மி.மீ. ஜல்லி, 8 மி.மீ. கம்பி இரு பக்கமும் 6 அங்குல இடைவெளியில், கம்பிக்கு அடியில் 25 மி.மீ. கான்கிரீட் கவரிங். ஐந்தடிக்கு 20 அங்குலத்துக்கு மூன்றரை கன அடிதான் வரும், ஒரு மூட்டை சிமென்ட் வாங்கினால் போதும், கொஞ்சம் மிஞ்சும். அடியில் அடிக்கும் பலகையை ஏழு நாள் கழித்து மறக்காமல் பிரித்து வெளியே எடுங்கள். வேலை முடிந்து மரத்தரையை மூடிய பிறகு யாருக்கும் நினைவு வராது.

டைலோடு சேர்ந்து முன்தளம் பலகை மட்டத்தைவிட அரை அங்குலமாவது உயர்ந்து நிற்கட்டும். எதுவரை கல், எங்கே மரம் என்று காலுக்கே தெரியும். பாய், ஜமுக்காளத்தை அதன்மேல் இழுத்துப் போட மாட்டார்கள்.

---

ரசமட்டம் எழுதியது:

அட்ஹெசிவ். முதலில் மேஸ்திரிக்கு: சிமென்ட் பால் பழைய மொசைக் டைலுக்கும் சிமென்ட் டைலுக்கும் பிடிக்கும், ஏனென்றால் அவை உறிஞ்சும். போர்சலின் உறிஞ்சாது. பால் அதன் முதுகில் வெறுமனே காய்ந்து நிற்கும். கத்தி நுனியில் நெம்பினாலே தட்டாகக் கிளம்பிவிடும், முதுகு பளபளவென்று சுத்தமாக இருக்கும். சூடு, குளிர் என்று மாறி மாறி வரும் இடத்தில் ஒரு சீசன் தாங்காது.

வாங்க வேண்டியது சிமென்ட் அடிப்படையிலான, பாலிமர் கலந்த பொடி. மூட்டையில் சி2டிஇ எஸ்1 என்று இருக்க வேண்டும். சி என்றால் சிமென்ட். 2 என்றால் சதுர மி.மீ.க்கு 1 நியூட்டன் இழுவை தாங்குவது. சி1 அதில் பாதி. டி என்றால் டைல் வழுக்காது, இ என்றால் தடவியபின் ஒட்ட அவகாசம் அதிகம். நமக்கு முக்கியம் கடைசியில் வரும் எஸ்1: காய்ந்த பிறகும் 2.5 முதல் 5 மி.மீ. வரை வளைந்து கொடுக்கும். எஸ்2 அதைவிட வளையும், ஆனால் அந்த வளைவு பாலிமரால் வருவது; பாலிமர் கூடினால் சூட்டில் இளகுவதும் கூடும். கணப்புக்கு எஸ்1 போதும். 'வெள்ளை', 'கிரே' வெறும் நிறம்தான், கிரே வாங்கினால் காசு மிச்சம்.

இதில் ஒரு நுணுக்கம். இந்தத் தரச் சோதனையில் சூட்டுச் சோதனை என்று ஒன்று உண்டு, அது 70 டிகிரியில்தான் நடக்கிறது. ஆகவே சி2 என்று இருப்பதை வைத்துக் கணப்பு தாங்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தயாரிப்பாளரின் டேட்டா ஷீட்டில் 'சர்வீஸ் டெம்பரேச்சர்' (தாங்கும் சூடு) என்ற வரியைப் பாருங்கள். 80, 90 டிகிரி என்று இருக்கும். வாயிலிருந்து தள்ளி இருக்கும் டைலுக்கு அது போதும். அதற்காகத்தான் முதல் வரிசையை ஃபயர் பிரிக்காக்கச் சொன்னது. அந்த வரிசைக்கு இந்த அட்ஹெசிவைத் தொடவே கூடாது.

வாளியில் கலந்தே வரும் வெள்ளைப் பேஸ்ட், டியூபில் வரும் கன்ஸ்ட்ரக்‌ஷன் அட்ஹெசிவ், இரண்டு பாகம் கலக்கும் எப்பாக்ஸி, இவை மூன்றும் வேண்டாம். பேஸ்ட் போர்சலினுக்கு அடியில் காயவே மாதக்கணக்காகும், சுட்டால் இளகும். எப்பாக்ஸி கல்லைவிடப் பலம் என்பார்கள். குளிர்ந்த இடத்தில் உண்மை. 60, 70 டிகிரிக்கு மேல் அதுவும் ரப்பராகும். எப்பாக்ஸி க்ரௌட்டுக்கும் இதே கதைதான், கூடவே மஞ்சளடிக்கும்.

க்ரௌட்: சிமென்ட் க்ரௌட், சி.ஜி.2 தரம், மணல் கலந்தது, அடர் சாம்பல் நிறம். வெளிர் நிறம் எடுத்தால் முதல் குளிர்காலத்தில் கரி ஏறிவிடும், பிறகு அமிலம் ஊற்றித் தேய்க்கத் தோன்றும். அமிலம் க்ரௌட்டையே தின்னும். வெள்ளை சிமென்டை மட்டும் குழைத்து அடைப்பது சுருங்கி முடிக்கோடாக விரியும்.

அளவு. ஃபயர் பிரிக் வரிசை போக டைல் பரப்பு ஐந்தடிக்குப் பதினைந்தரை அங்குலம், ஆறரை சதுர அடி. ஓரடி டைல் 12 வாங்கினால் வெட்டுக்கும் உடைசலுக்கும் சரியாக வரும். அட்ஹெசிவ் முதுகுத் தடவலோடு 7, 8 கிலோ. 20 கிலோ மூட்டை ஒன்று. க்ரௌட் 300 கிராம்கூட ஆகாது, 1 கிலோ பாக்கெட் போதும்.

ஒட்டும் முறை. தளம் வார்த்து 28 நாள் ஆகட்டும். 20 கிலோவுக்கு 5 லிட்டர் போலத் தண்ணீர், மூட்டையில் போட்ட அளவே முடிவு. உங்களுக்கு வேண்டியது அதில் பாதிக்கும் குறைவு. தண்ணீரில் பொடியைப் போடுங்கள், பொடியில் தண்ணீரை ஊற்றாதீர்கள். கலக்கி ஐந்து நிமிடம் விட்டு மறுபடி கலக்குங்கள். பிறகு கெட்டிப்பட்டால் தண்ணீர் சேர்க்காமல் கொட்டிவிட வேண்டும். 10 மி.மீ. பல் கரணையில் ஒரே திசையாக நேர் கோடு இழுங்கள், வட்டமாகச் சுழற்றினால் நடுவில் காற்று மாட்டும். டைல் முதுகிலும் தட்டைக் கரணையால் மெல்லிசாக ஒரு தேய்ப்பு. முதுகில் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் ஈரத் துணியால் துடைத்த பிறகே. டைலைக் கோட்டுக்குக் குறுக்காக முன்னும் பின்னும் அசைத்து அமுக்கினால் கோடுகள் படுத்து நிரம்பும். முதல் டைலை ஒட்டியதும் உடனே நெம்பி எடுத்துப் பாருங்கள்: முதுகு முழுக்கச் சரக்கு பிடித்திருக்க வேண்டும், மூலை நான்கும் உட்பட. ஐந்து உருண்டை வைத்து அமுக்கும் பழக்கம் இருந்தால் மேஸ்திரியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்தப் பொள்ளலில்தான் விறகுக்கட்டை விழுந்து உடையும்.

ஒன்று பலரும் கவனிப்பதில்லை. புகைபோக்கி சும்மா இருக்கும்போதும் காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். அட்ஹெசிவ் தடவிய பத்து நிமிடத்தில் மேலே தோல் கட்டிவிடும், ஒட்டாது. வேலை நடக்கும் இரண்டு நாளும் கணப்பு வாயைச் சாக்கும் அட்டையும் வைத்து அடைத்துவிடுங்கள்.

க்ரௌட் மறுநாள் வேண்டாம். குன்னூர் குளிரில் 48 மணி நேரம் விடுங்கள். 5 டிகிரிக்குக் கீழே இறங்கும் இரவு என்றால் வேலையை வைத்துக்கொள்ளவே வேண்டாம். மரத்தரையைத் தொடும் மூன்று ஓரங்களிலும் க்ரௌட் அடைக்காதீர்கள், 5 மி.மீ. இடம் விட்டுச் சாதா சிலிகான். மழைக்கால ஈரத்துக்கு மரம் உப்பும்.

---

செட்டிநாட்டுத் திண்ணை எழுதியது:

ஆத்தங்குடிக் கல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது சுட்ட கல் அல்ல. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, நிறம் கலந்த சிமென்ட் குழம்பை ஊற்றி, மேலே உலர்ந்த சிமென்ட் மணல், அதன்மேல் கலவை போட்டு, தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி எடுப்பது. முகத்தில் தெரியும் மினுமினுப்பு அந்தக் கண்ணாடியின் வழவழப்பு. எனவே கணப்பைப் பொறுத்தவரை அது சிமென்டேதான்: உறிஞ்சும், கரியும் விறகுப் பிசினும் உள்ளே இறங்கினால் வராது. வாயை ஒட்டிப் போட்டால் உங்கள் ரெட் ஆக்சைடுக்கு வந்த வலைவிரிசல் இதற்கும் வரும்.

ஆசை விடவில்லை என்றால் கணப்பின் முகப்புச் சுவரில், வாயின் பக்கவாட்டிலிருந்து 6 அங்குலமாவது தள்ளி, மேலே ஓரடி தள்ளிப் போடுங்கள். கல் முக்கால் அங்குல கனம், நல்ல எடை. சுவரில் கீழிருந்து ஒரு நாளைக்கு இரண்டு வரிசைக்கு மேல் ஏற்ற வேண்டாம். ஒட்டும் முன் ஊடுருவும் வகை சீலரை முகத்தில் ஒரு கை அடித்துவிட்டால் க்ரௌட் கறை பிடிக்காது. பளபளக்கும் அக்ரிலிக் கோட்டிங் சூட்டில் மஞ்சளாகும்.

வாய் ஓரப் பட்டைக்கு ஃபயர் பிரிக் முரடாகத் தெரிகிறது என்றால் மாக்கல் கேட்டுப் பாருங்கள். கல்சட்டி செய்யும் அதே கல். நேராகத் தீயில் வைத்துப் புளிக்குழம்பு கொதிக்க வைக்கிற சாமானாயிற்றே, கணப்புச் சூட்டுக்கு அசையாது. 30 மி.மீ. கனத்தில் மூன்று துண்டாக அறுத்து வாங்கலாம். மிருதுவான கல், கரண்டிக் கீறல் விழும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து விளக்கெண்ணெய் தடவினால் போய்விடும். இதையும் ரெஃப்ராக்டரி மார்ட்டரில்தான் அமர்த்த வேண்டும்.

---

தீச்செங்கல் எழுதியது:

முதல் தீ பற்றி யாரும் சொல்லவில்லை. க்ரௌட் போட்டு 14 நாளாவது கணப்பைத் தொடாதீர்கள். அட்ஹெசிவிலும் மார்ட்டரிலும் தங்கிய நீர் 100 டிகிரி தாண்டினால் ஆவியாகி வெளியே வர வழி தேடும், போர்சலின் வழி விடாது, டைல் கிளம்பும். முதல் நாள் சுள்ளி மட்டும், அரை மணி. மறுநாள் ஒரு மணி. அப்படியே நாலைந்து நாளில் ஏற்றி, பிறகு முழு விறகு. நடுவில் எங்காவது க்ரௌட்டில் ஈரக் கருமை தெரிந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

இன்னொன்று, வாங்கும் முன்பே செய்யக்கூடியது: லேசர் தெர்மாமீட்டர் ஒன்று இரவல் வாங்கி, இப்போது இருக்கும் தளத்தில் மூன்று மணி நேரம் நீங்கள் வழக்கமாக எரிக்கிற அளவு எரித்து, விளிம்பில், 5 அங்குலத்தில், ஓரடியில் அளந்து பாருங்கள். ரெட் ஆக்சைடு மங்கலாக இருப்பதால் அளவு சரியாகக் காட்டும், பாலிஷ் பரப்பில் குறைத்துக் காட்டும். 5 அங்குலத்தில் 90க்கு மேல் வந்தால் ஃபயர் பிரிக்கை இரண்டு வரிசையாக வெளியே கொண்டு வாருங்கள். மரச்சட்டம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றீர்களே, அதனால் இந்தச் சோதனையைச் சட்டத்தை நகர்த்திய பிறகு, ஒரு வாளி தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். அதற்கு முன் கணப்பை எரிக்க வேண்டாம்.

---

ஓட்டுவீடு எழுதியது:

சட்டத்துக்கு ஆசாரியைத் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறது. ஓரப் பட்டைக்கு மாக்கல், மற்றது ஓரடி மேட் டைல், அடர் சாம்பல் க்ரௌட் என்று முடிவு. ஆத்தங்குடி முகப்புச் சுவருக்கு. ஒரே ஒரு சந்தேகம்: மாக்கல் 30 மி.மீ., டைல் 10 மி.மீ. மட்டம் எப்படிச் சேரும்?

---

ரசமட்டம் எழுதியது:

கான்கிரீட் வார்க்கும்போதே வாயை ஒட்டி 5 அங்குல அகலத்துக்கு 20 மி.மீ. பள்ளமாக விடுங்கள், அந்த அளவு ரீப்பரை (மெல்லிய மரப்பட்டை) அடித்துவிட்டு வார்த்தால் போதும். அந்தப் பட்டையில் கனம் குறையும் என்பதால் தளத்தை மொத்தத்தில் 150 மி.மீ. ஆக்கிக்கொள்ளுங்கள். மாக்கல்லுக்கு அடியில் மார்ட்டர் 3 மி.மீ., டைலுக்கு அடியில் அட்ஹெசிவ் 5, 6 மி.மீ. வரும், அந்த வித்தியாசத்தையும் பள்ளத்தில் கழித்து 17 மி.மீ. ரீப்பராக அடியுங்கள். மாக்கல்லை முதலில் அமர்த்தி, ரசமட்டத்தை அதன்மேல் வைத்து டைலை அதற்குச் சேர்த்துக்கொண்டு போங்கள்.